பூச்சா, இடைப்படையா, முழு எஃப்ஜிஎம்மா: தேயும் பாகத்துக்கு எதைப் போடுவது?

பினாங்கின் பிறை, புக்கிட் தெங்கா, சிம்பாங் அம்பாட் பக்கத்துப் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் புகார் இது: "அண்ணே, போன தடவை போட்ட ஹார்ட்ஃபேசிங் தேயவே இல்ல, தகடு தகடா உரிஞ்சி வந்திருச்சி." தேய்ந்திருந்தால் கவலை இல்லை. ஹார்ட்ஃபேசிங் என்பது தேயும் முகத்தில் வெல்டில் ஏற்றும் கெட்டியான படை, தேய்வதற்குத்தான் அதைப் போடுகிறோம். உரிவது வேறு நோய். மேலே இருக்கும் கெட்டியான படைக்கும் அடியில் இருக்கும் எஃகுக்கும் நடுவே உள்ள கோட்டில்தான் கோளாறு.

இந்தக் கோட்டையே இல்லாமல் ஆக்கிவிடலாம் என்பதுதான் எஃப்ஜிஎம் எனப்படும் படிமாற்றப் பொருளின் அடிப்படை. ஒரு முகத்தில் ஒரு பொருள், எதிர்முகத்தில் வேறொரு பொருள், நடுவில் கலவை கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போகும். லேசர் இயந்திரம் வைத்திருப்பவர்கள் இதை இப்போது எல்லா வேலைக்கும் விலை சொல்கிறார்கள். நம் வட்டாரப் பட்டறைகளுக்கு வரும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு முழுப் படிமாற்றம் தேவையில்லை, நடுவே ஒரு இடைப்படை போடும் மலிவான அரைப் படிமாற்றமே போதும் என்பது எங்கள் கருத்து. ஆனால் சில வேலைகளுக்கு அதைவிட்டால் வேறு வழி கிடையாது. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கக் கணக்கு ஒன்று போட வேண்டும்.

கோட்டில் என்ன நடக்கிறது

ஒரு மீட்டர் நீளச் சாதாரண எஃகு ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 12 மைக்ரான் நீளும். டங்ஸ்டன் கார்பைடு நிறைந்த படை 5 மைக்ரான்தான் நீளும். 304, 316 போன்ற எவர்சில்வர் வகைகளும் செம்பும் 17 மைக்ரான் அளவில், அலுமினியம் 23.

எஃகின் மேல் கார்பைடுப் படையைச் சூடாக ஏற்றி, 600 டிகிரி இறங்கிக் குளிர்கிறது என்று வையுங்கள். மீட்டருக்கு 4.2 மி.மீ. வேறுபாடு. இரண்டும் ஒட்டியிருப்பதால் தனித்தனியாகச் சுருங்க முடியாது. இரண்டையும் எஃகின் விறைப்பாகவே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டாலும் தகைவு (உள்ளே நிற்கும் இழுபறி விசை) 1,200 மெகாபாஸ்கல் பக்கம் வருகிறது. பெரும்பாலான எஃகுகளின் இளகுவரம்பை, அதாவது நிரந்தரமாக உருக்குலையத் தொடங்கும் எல்லையை, தாண்டிய அளவு இது. அதே வேறுபாட்டை ஏழு படிகளாகப் பிரித்தால், ஒவ்வொரு படியிலும் தாவும் தகைவு 170 மெகாபாஸ்கல் அளவில் நிற்கும்.

இங்கே பலர் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். படிமாற்றம் தகைவைப் போக்கிவிடுவதில்லை. மேல்முகத்துக்கும் அடிமுகத்துக்கும் உள்ள மொத்த வேறுபாடு அப்படியேதான் இருக்கும். ஒரே கோட்டில் குவியாமல், குறிப்பாகப் படையின் ஓரங்களில் குவியாமல், ஆழம் முழுக்கப் பரவுகிறது. உரிதல் ஓரத்தில்தான் தொடங்கும் என்பதால் அந்தப் பரவலுக்கே மதிப்பு.

அடுத்தது தடிமன். உரிவதற்கான சக்தி தகைவின் வர்க்கத்தோடும் படையின் தடிமனோடும் ஏறுகிறது. ஒரே தகைவில் 0.2 மி.மீ. படையைவிட 3 மி.மீ. படையில் பதினைந்து மடங்கு சக்தி அடைந்து கிடக்கும். மெல்லிய பூச்சுக்குப் படிமாற்றம் ஏன் வேண்டாம், தடித்த படைக்கு ஏன் வேண்டும் என்பதற்கு இதுவே விடை.

கடைசியாக, வேலையில் இருக்கும்போது பாகம் சூடாகிக் குளிர்ந்துகொண்டே இருக்கிறதா, அல்லது செய்யும்போது மட்டும்தான் சூடா? எஃப்ஜிஎம் யோசனை வலுப்பெற்றதே முதல் வகைக்காக. 1984இல் ஜப்பானில் விண்வெளி விமானத் திட்டம் ஒன்றுக்காக இதை முன்வைத்தபோது, வெளிமுகம் 2,000 கெல்வின், 10 மி.மீ.க்கும் குறைந்த தடிமனுக்குள் 1,000 கெல்வின் வீழ்ச்சி என்பதே இலக்கு. பட்டறைக்கு வரும் பம்ப் தண்டுக்கு அந்த நிலைமை இல்லை.

நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் இரண்டு

லேத்தில் மாட்டும் கார்பைடு இன்செர்ட்டை எடுத்துப் பாருங்கள். எஃகு கடையும் பூச்சுள்ள வகைகளில் பல, பூச்சுக்குக் கீழே 15 முதல் 30 மைக்ரான் ஆழத்துக்குக் கோபால்ட் கூடுதலாக இருக்கும்படி செய்யப்பட்டவை. தூளில் கொஞ்சம் நைட்ரஜன் சேர்த்து வெற்றிட உலையில் சுடும்போது, நைட்ரஜன் மேற்பரப்பு வழியாக வெளியேறுகிறது. நைட்ரஜனோடு நாட்டமுள்ள டைட்டேனியம், அது மிஞ்சியிருக்கும் உட்பக்கம் நோக்கி நகர்கிறது. டைட்டேனியம் கார்பைடு விட்டுப்போன இடத்தைக் கோபால்ட் நிரப்புகிறது. மேலே உள்ள பூச்சு கார்பைடைவிட அதிகம் சுருங்குவதால் குளிரும்போதே அதில் மயிரிழை வெடிப்புகள் விழும். அந்த வெடிப்பு உள்ளே இறங்காமல் கோபால்ட் வளையம் பிடித்துக்கொள்கிறது. மேலே வெடிக்கலாம், கீழே இறங்கக்கூடாது. இந்தத் தத்துவத்தை நினைவில் வையுங்கள், ஹார்ட்ஃபேசிங்குக்கும் இதுவே பொருந்தும்.

இரண்டாவது கேஸ் ஹார்டனிங், அதாவது மேற்பரப்பில் கரி ஏற்றிக் கெட்டியாக்குவது. எஸ்சிஎம்420, 20எம்என்சிஆர்5 போன்ற கரி குறைந்த எஃகை 925 டிகிரி செல்சியஸில் கரிவாயுவில் வைத்தால், மேற்பரப்பில் 0.8 விழுக்காடு கரி, உள்ளே போகப்போக 0.2 விழுக்காடு. எங்கும் கோடு கிடையாது. ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தோடு வளரும்: 1 மி.மீ.க்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், 2 மி.மீ.க்கு பத்து மணி நேரம். எண்ணெயில் முக்கும்போது நடுப்பகுதி முதலில் உருமாறி முடிந்துவிடும். கரி கூடிய மேற்புறம் கடைசியாக உருமாறி விரிய முயல்வதால் அங்கே அமுக்கத் தகைவு நிற்கும். கியர் பல் களைப்பை, அதாவது திரும்பத்திரும்ப வரும் சுமையை, தாங்குவது இதனால்தான்.

கெடுவது எங்கே? மேற்பரப்புக் கரி 1 விழுக்காட்டை நெருங்கினால் உருமாறாத ஆஸ்டினைட் (சூட்டில் எஃகு இருக்கும் மென்மையான நிலை) மிஞ்சி, கடினம் குறையும். வளைந்த பாகத்தை நேராக்க 0.3 மி.மீ. கிரைண்டிங் செய்தால் போவது படிமாற்றத்தின் மிகக் கெட்டியான பகுதி. ஆகவே வரைபடத்தில் எழுதும் ஆழம் கிரைண்டிங்குக்குப் பின் மிஞ்ச வேண்டிய ஆழமாக இருக்க வேண்டும்.

இவ்வளவு நல்ல முறைக்கும் எல்லை உண்டு. இதில் கிடைக்கும் 60 எச்.ஆர்.சி. (ராக்வெல் கடின அளவு) என்பது விக்கர்ஸ் அளவில் 700 எச்.வி. சொச்சம். மணலில் உள்ள குவார்ட்ஸ் 1,000க்கும் மேல். மணல் கெட்டி, எஃகு மென்மை. சுத்தமான எண்ணெயில் சுழலும் கியருக்குக் கேஸ் ஹார்டனிங்கைவிட நல்ல படிமாற்றம் எதுவும் இல்லை என்றே சொல்வோம். மண்ணும் மணலும் கலந்து வரும் இடத்தில் அது நிற்காது.

மெல்லிய பூச்சு

எச்விஓஎஃப் எனப்படும் அதிவேகச் சுடர்த் தெளிப்பு முறையில் டங்ஸ்டன் கார்பைடு, 10 விழுக்காடு கோபால்ட், 4 விழுக்காடு குரோமியம் தூளை ஒலியைவிட வேகமாக அடித்து 0.1 முதல் 0.3 மி.மீ. வரை ஏற்றுகிறார்கள். கடினம் 1,000 முதல் 1,200 எச்.வி. பாகத்தை 150 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளலாம், அடி எஃகு உருகுவதே இல்லை. மேலே போட்ட கணக்கில் டிகிரி வேறுபாடும் குறைவு, தடிமனும் குறைவு. ஆகப் படிமாற்றத்துக்கு வேலை இல்லை. ஹைட்ராலிக் ராடு, பம்ப் ஸ்லீவ், தண்டின் சீல் இடம் எல்லாவற்றுக்கும் இதுவே எங்கள் முதல் தேர்வு.

கூர்மையான ஓரத்தில் இந்தப் பூச்சு நிற்காது, 0.5 முதல் 1 மி.மீ. வரை ஓரத்தை உருட்டிவிட வேண்டும். துப்பாக்கி நேராகப் பார்க்க முடியாத மூலையில் பூச்சு பஞ்சுபோல் விழும். கல், கொட்டை போன்ற கட்டி மோதினால் அடியில் உள்ள எஃகு குழிந்து, பூச்சு முட்டையோடு போல உடையும்.

வெல்டு: இடைப்படையோடும் இல்லாமலும்

செம்பனை ஆலை ஸ்குரூ பிரஸ்ஸின் புழுத்தண்டை எடுத்துக்கொள்வோம். வெந்த பழம் 90 டிகிரி சுற்றளவில் உள்ளே வருகிறது. நாரிலேயே சிலிக்கா உண்டு, பழக்குலையோடு ஒட்டி வரும் தோட்டத்து மண் வேறு. கொட்டை ஓடு விளிம்பில் மோதிக்கொண்டே இருக்கும். புழுவின் விளிம்பு தேயத்தேயக் கூண்டுக்கும் அதற்கும் இடைவெளி அகன்று, நாரில் எண்ணெய் தங்கிப்போகும். இங்கே தேவை பல மி.மீ. தடிமன். மெல்லிய பூச்சு இதற்கு ஆகாது.

அடி எஃகு எஸ்சிஎம்440 மாதிரி இறுகும் வகையாக இருந்தால் 250 முதல் 300 டிகிரி முன்சூடு. அதன்மேல் 309எல் அல்லது 307 எவர்சில்வர் ராடில் 3 மி.மீ. இடைப்படை. பிறகு குரோமியம் கார்பைடு, இரண்டு படை, மொத்தம் 6 மி.மீ.க்குள். மூன்றாவது படை போடுவதில்தான் நிறைய வேலை கெடுகிறது. தேய்மானத்துக்குக் கூடுதல் காலம் கிடைக்கும் என்று ஏற்றுவது, உரிவதற்கான சக்தியைத்தான் ஏற்றுகிறது.

குரோமியம் கார்பைடு படையில் பட்டைக்குக் குறுக்கே 10 முதல் 25 மி.மீ.க்கு ஒன்று என வெடிப்பு விழும். இது குறையல்ல. தகைவு தானாகவே வெளியேறும் வழி அது. இன்செர்ட் பூச்சில் பார்த்த அதே கதை: மேலே வெடிக்கலாம், கீழே இறங்கக்கூடாது. இடைப்படையின் வேலை அந்த வெடிப்பைப் பிடித்து நிறுத்துவது. பயப்பட வேண்டியது பட்டையோடு நீளவாக்கில் ஓடும் வெடிப்புக்கும், சுத்தியால் தட்டினால் பொத்தென்று ஒலிக்கும் இடத்துக்கும். இரண்டுமே அடியில் விட்டுப்போனதற்கு அடையாளம்.

ராடு வெல்டில் முதல் படையின் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அடி எஃகு கலந்துவிடும். ஆக முதல் படை அரைக்கலவை, இரண்டாவது இன்னும் தூய்மை. திட்டமிடாமலேயே நமக்குப் படிமாற்றம் கிடைத்துவிடுகிறது. அதனால்தான் இது 'மலிவான படிமாற்றம்'.

ஒரு தவறு திரும்பத்திரும்ப நடக்கிறது. வெல்டு முடிந்ததும் 600 டிகிரி உலையில் வைத்துத் தகைவு நீக்குகிறார்கள். 309எல் 17 மைக்ரான் வகை, அடி எஃகு 12 மைக்ரான் வகை. 600 டிகிரியில் தகைவு நீங்கும், உண்மைதான். குளிர்ந்து இறங்கும்போது அதே வேறுபாடு அதே தகைவை மறுபடி கட்டிவிடும். போதாக்குறைக்கு, அந்தச் சூட்டில் அடி எஃகின் கரி குரோமியம் நிறைந்த 309எல் பக்கம் நகர்ந்து, கோட்டின் ஓரத்தில் மென்மையான பட்டை ஒன்று உருவாகும். பணம் கொடுத்துப் பலவீனம் வாங்குவது இது. வேலையில் சூடு ஏறி இறங்கும் பாகமாக இருந்தால், ஏறக்குறைய 13 மைக்ரான் நீளும் நிக்கல் கலவை ராடை இடைப்படையாகப் போடுங்கள். விலை கூடுதல், அந்த இடத்தில் அதற்குக் காரணம் உண்டு. பிரஸ் புழு அந்த வகை அல்ல, 309எல் போதும். வெல்டு முடிந்ததும் சுண்ணாம்புத் தூளிலோ வெப்பப் போர்வையிலோ மெல்லக் குளிரவிட்டால் சரி.

பினாங்கின் காற்று ஈரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். திறந்த பெட்டியில் கிடந்த பேசிக் வகை ராடு ஈரத்தை உறிஞ்சி, வெல்டுக்குள் ஹைட்ரஜனை விடும். வெடிப்பு மறுநாள்தான் தெரியும். பொதுவாக 300 முதல் 350 டிகிரியில் மறுபடி சுட வேண்டும், பெட்டியில் அச்சிட்டிருக்கும் குறிப்பே இறுதி. சுட்டதை ராடு அடுப்பிலிருந்து தேவைக்கு எடுங்கள்.

பிளாஸ்மா தூள் வெல்டும் தலைகீழ்ப் படிமாற்றமும்

அடுத்த படி பிடிஏ எனப்படும் பிளாஸ்மா தூள் வெல்டு. நிக்கல் கலவைத் தூளோடு 60 விழுக்காடு எடைக்கு டங்ஸ்டன் கார்பைடு மணிகள். அடி எஃகு கலப்பது 5 முதல் 10 விழுக்காடுதான். மணிகளின் கடினம் 2,000 எச்.வி.க்கும் மேல். மணல் இவற்றைத் தொட முடியாது.

ஆனால் கார்பைடின் அடர்த்தி 16, நிக்கல் கலவையின் அடர்த்தி 8. குளம் சூடாக இருந்தால் மணிகள் அடியில் போய்ப் படியும். மேலே மென்மையான நிக்கல், கீழே நெருக்கமான கார்பைடு. எங்கே கடினம் வேண்டுமோ அங்கே இல்லை, எங்கே வேறுபாடு குறைய வேண்டுமோ அங்கே உச்சம். படிமாற்றம் நேர் தலைகீழாக விழுந்துவிட்டது. வெட்டிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். கரண்ட்டைக் குறைத்து, படையை மெல்லியதாக இரண்டு முறை ஓட்டி, முதல் ஓட்டத்துக்கு 30 விழுக்காடு, இரண்டாவதுக்கு 60 விழுக்காடு என்று தூளை மாற்றுவதே தீர்வு. சூடு மிஞ்சினால் மணியும் கரைந்து, சுற்றிலும் நொறுங்கும் கார்பைடு வளர்ந்துவிடும்.

இதே அடர்த்தி வேறுபாட்டைச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். அலுமினியத்தில் சிலிக்கான் கார்பைடு கலந்து மையவிலக்கு வார்ப்பில் சுழற்றினால், கனமான கார்பைடு வெளிச்சுவருக்குப் போகும். உருளை வடிவ பாகத்துக்கு மலிவான வழி, வேறு வடிவத்துக்குப் பயனில்லை.

லேசரில் முழுப் படிமாற்றம்

இரண்டு முதல் நான்கு தூள் தொட்டிகள், ஒரே முனை. 45 முதல் 150 மைக்ரான் தூளை லேசர் குளத்தில் ஊதி, படைக்குப் படை விகிதத்தை மாற்றுகிறார்கள். 100க்கு 0, 90க்கு 10 என்று எழுதிக்கொண்டே போகலாம். எழுதுவது சுலபம், உலோகம் அந்த வழியில் வர வேண்டுமே. டைட்டேனியத்திலிருந்து எஃகுக்கு நேராகப் போனால் நடுவில் இரும்பு-டைட்டேனியம் சேர்மங்கள் கண்ணாடியாக நொறுங்கும். வெனேடியம் போன்ற மூன்றாம் உலோகத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். எவர்சில்வரிலிருந்து இன்கோனல் 625 என்ற நிக்கல் கலவைக்குப் போவது எளிது என்று நினைப்போம். அங்கும் எவர்சில்வர் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேல் இருக்கும் கலவையில் நயோபியம், மாலிப்டினம் கார்பைடுகள் சேர்ந்து வெடித்ததைப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு முனையும் நல்ல உலோகம் என்பதால் நடுவும் நல்ல உலோகமாகிவிடாது. விலை கேட்கும் முன், அந்த ஜோடிக்கு அவர்கள் ஏற்கெனவே வெட்டிப் பார்த்த மாதிரி இருக்கிறதா என்று கேளுங்கள்.

செலவில் மறைந்திருப்பது தூள். குளத்தில் விழாமல் சிதறிய தூள் இரண்டும் கலந்துபோனது, மறுபடி பயன்படாது. தொட்டியில் விகிதத்தை மாற்றினால் முனைக்கு வந்துசேரச் சில விநாடி பிடிக்கும். அந்தத் தாமதத்தை நிரலில் எழுதாவிட்டால் படிமாற்றம் ஒரு படை தள்ளி விழும்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் பிளாஸ்டிக் மோல்டு செய்பவர்களுக்கு இதில் நிஜமான பயன் இருக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு: தண்ணீர்த் துளை போட இடமில்லாத மெல்லிய கோர், அதாவது பிளாஸ்டிக் பாகத்தின் உட்குழிவை உருவாக்கும் துண்டு. மோல்டு செய்யும் எச்13 எஃகின் வெப்பக் கடத்தல் (ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு வாட் கணக்கில்) 25 சொச்சம், செம்பு 390. சதுர மீட்டருக்கு ஒரு லட்சம் வாட் ஓடினால் 20 மி.மீ. எச்13 தாண்ட 80 டிகிரி வேண்டும், 3 மி.மீ. தாண்ட 12 டிகிரி போதும். உள்ளே செம்பு, வெளியே 3 மி.மீ. எச்13 தோல் என்பது நல்ல வடிவம். ஆனால் செம்பையும் எஃகையும் நேராகக் கலந்தால், எஃகு மிகுந்த கலவையில் செம்பு கடைசிவரை திரவமாக நின்று எஃகின் மணி எல்லைகளைப் பிளக்கும். நடுவில் நிக்கல் கலவைப் படை தேவை. அதன் கடத்தல் 12 அளவுதான், 1 மி.மீ.க்கே 8 டிகிரி போய்விடும். அதற்குமேல் தடிப்பாக்கினால் செம்பு வைத்ததன் பயன் கரையும்.

இதற்கு முன் பெரிலியம் செம்பு இன்செர்ட்டை இறுக்கி அடித்துப் பாருங்கள். பெரும்பாலான கோருக்கு அது போதும். அரைக்கும்போது பெரிலியம் தூசி நுரையீரலுக்குக் கேடு, ஈரமாகவும் உறிஞ்சும் குழாயோடும்தான் அரைக்க வேண்டும். இறுக்கி அடித்ததில் மெல்லிய காற்று இடைவெளி விழுந்து, சூடு கடக்காமல் பாகம் வளைந்து வந்தால், அப்போது லேசர் படிமாற்றத்துக்குப் போகலாம். பிரஸ் புழுவுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம். வேலையில் அது 90 டிகிரியைப் பெரிதாகத் தாண்டுவதில்லை, இடைப்படையே போதும்.

படிமாற்றம் எல்லா இடத்திலும் நல்லது என்று நினைப்பவர்களுக்கு வாயு டர்பைன் பிளேடு ஒரு மறுப்பு. உலோக அடிப்பூச்சையும் சிர்க்கோனியா மேல்பூச்சையும் கலந்து படிமாற்றமாகப் போட்டால், கலவைக்குள் இருக்கும் உலோகத் துகள் சூட்டில் ஆக்சிஜனேறி வீங்கிப் பூச்சைத் தள்ளிவிடுகிறது. அதனால் அங்கே கோடுள்ள இரட்டைப் பூச்சே நிலைத்தது.

ஆர்டர் தாளில் எழுத வேண்டியவை

எந்த முறையானாலும், பாகத்தோடு அதே எஃகில், அதே முன்சூட்டில், அதே படைகளோடு ஒரு கூப்பன் (சோதனைத் துண்டு) கேளுங்கள். 100க்கு 50 மி.மீ. போதும். அதைக் குறுக்கே வெட்டி மெருகேற்றி, மேற்பரப்பிலிருந்து 0.5 மி.மீ.க்கு ஒருமுறை எச்.வி. எடுக்க வேண்டும். மெல்லிய பூச்சுக்கு இந்த இடைவெளி பொருந்தாது, நுண்கடினம் எடுக்கவும். வரைகோடு சீராக இறங்க வேண்டும். நடுவில் மேட்டுக்கூர் தெரிந்தால் நொறுங்கும் சேர்மம் இருக்கிறது. கோட்டோரத்தில் பள்ளம் தெரிந்தால் கரி நகர்ந்திருக்கிறது. பிடிஏ என்றால் வெட்டுமுகத்தின் மேல்பாதியிலும் கீழ்பாதியிலும் கார்பைடு மணிகளை எண்ணி ஒப்பிடுங்கள்.

அல்ட்ராசோனிக் அளவை மட்டும் நம்பி ஆழம் சொல்பவரிடம், அதே படிமாற்றத்தில் செய்த அளவுக்கட்டை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கலவை மாறும்போது ஒலியின் வேகமும் மாறும், சாதாரண எஃகுக் கட்டையில் சரிபார்த்த கருவி தவறான ஆழத்தைக் காட்டும். மணல் தேய்மானத்துக்கு ஏஎஸ்டிஎம் ஜி65 சோதனையில், உங்களிடம் இப்போது ஓடும் படையையும் புதிய படையையும் ஒரே நாளில் ஒரே மணலில் ஓட்டச் சொல்லுங்கள். எடை இழப்பை அப்படியே ஒப்பிட்டால் கனமான கார்பைடு படைக்கு அநியாயம், அடர்த்தியால் வகுத்துக் கன இழப்பாக மாற்றிப் பாருங்கள். கூப்பன் கேட்பதை ஆர்டர் கொடுக்கும்போதே எழுதிவிட வேண்டும், வேலை முடிந்தபின் அதே நிலைமையில் ஒன்றைச் செய்துதர யாராலும் முடியாது.